லோடு ஏறாத ஏரோப்ளேன்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் டெக்னிக்கலா போகும். நடுவுல எக்ஸ்எம்எல் எல்லாம் வரும். பயப்படாதீங்க, நானே பாதி புரியாமத்தான் ஆரம்பிச்சேன் :-)

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பிடுவீங்க. ஆனா அது பொய். ராத்திரி பத்து மணிக்கு மேல நான் புடுங்கினது எல்லாம் சொந்த ஆணி. ஒரு போயிங் 737-800 விமானத்தை ரிப்பேர் பார்த்துக்கிட்டு இருந்தேன். நிஜ விமானம் இல்லைங்க, லேப்டாப்ல பறக்குறது.

ஃப்ளைட்கியர்னு ஒரு சிமுலேட்டர் இருக்கு. 1996-ல யோசனையா ஆரம்பிச்சு, 1997-ல முதல் வெர்ஷன் வந்தது. உலகம் முழுக்க இருக்குற தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுறது, ஜிபிஎல் லைசென்ஸ், காசு கிடையாது. அதுல ஓட்டுற விமானங்களையும் ஆர்வலர்களே செஞ்சு இலவசமா குடுக்குறாங்க. யாரு வேணா இறக்கிக்கலாம், யாரு வேணா பிரிச்சுப் பார்க்கலாம், மாத்தலாம். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அந்த ‘பிரிச்சுப் பார்க்கலாம்’தான் பெரிய ஆபத்து. ரூம்மேட் ஒருநாள் கேட்டான், "ஏன்டா, எல்லாரும் கேம் ஆடுறாங்க, நீ மட்டும் ஏன் கேமைத் திறந்து வெச்சு அழுதுக்கிட்டு இருக்க?"

அதுக்குப் பதில் சொல்லணும்னா ஒரு பழைய கதை சொல்லணும்.

எங்க வீடு மதுரை அவனியாபுரம். ஏர்போர்ட்டுக்குப் பக்கம். மொட்டை மாடியில துணி காயப்போடும்போது தலைக்கு மேல விமானம் இறங்கும். பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் பைலட் ஆகுறதைத் தவிர வேற எதுவும் யோசிச்சதில்ல. அப்பா அரசு பஸ் டிரைவர், அதுக்கு முன்னாடி லாரி. பைலட் படிப்புக்கு எவ்வளவு ஆகும்னு விசாரிச்சுட்டு, திருமங்கலம் பக்கம் இருந்த பிளாட்டை விக்கிறதுக்கு ஆள்கூடப் பேசிட்டார். அதுக்கு முன்னாடி மெடிக்கல் இருக்கே, சென்னைக்குப் போனோம்.

டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்தார். வட்டத்துக்குள்ள கலர் கலரா புள்ளிகள், நடுவுல ஒரு நம்பர். முதல் பக்கத்துல 12. அது எல்லாருக்கும் தெரியுமாம். அதுக்கு அடுத்த பக்கங்கள்ல எனக்குப் புள்ளி மட்டும்தான் தெரிஞ்சது. இன்னொரு டெஸ்ட்டும் வெச்சாங்க, சின்னச் சின்ன விளக்கைக் காட்டி என்ன கலர்னு கேட்டு. அதுலயும் போச்சு. வருஷக்கணக்கா டிரைவர் கண் டெஸ்ட் பாஸ் பண்ணின மனுஷன் என் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். இந்தக் குறை பெரும்பாலும் அம்மா வழியா பையனுக்கு வர்றதுன்னு டாக்டர் சொன்னார். அதை நாங்க ரெண்டு பேரும் இன்னி வரைக்கும் அம்மாகிட்ட சொல்லல.

ராத்திரி பஸ்ல திரும்பி வந்தோம். திண்டிவனம் தாண்டி நிறுத்தினாங்க, புரோட்டா வாங்கிக் குடுத்தார். அவர் சாப்பிடல. அதுக்கப்புறம் எஞ்சினியரிங், கேம்பஸ், சென்னை, பொட்டி தட்டுற வேலை. வீட்டுல விமானத்தைப் பத்தி யாரும் பேசுறதில்ல. தலைக்கு மேல சத்தம் கேட்டா அப்பா டிவி சவுண்டைக் கொஞ்சம் கூட்டுவார், அவ்வளவுதான்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

எனக்குக் கிடைக்கப்போற ஒரே காக்பிட் இதுதான். அதனால அது சும்மா விமானம் மாதிரி இருந்தா போதாது, விமானமாவே நடந்துக்கணும். இந்த வெறி இல்லாதவங்களுக்கு அடுத்த நாலு பத்தி கிறுக்குத்தனமா தெரியும், பொறுத்துக்கோங்க.

ஃப்ளைட்கியர்ல நிறைய விமானங்களுக்கு ஜேஎஸ்பிசிம்னு ஒரு எஞ்சின்தான் பறக்குற கணக்கைப் போடுது. விளையாட்டுச் சாமான் இல்ல. 2015-ல நாசா பல சிமுலேஷன் மென்பொருட்களுக்கு ஒரே கணக்கைக் குடுத்து விடைகளை ஒப்பிட்டப்போ, அதுல இதுவும் ஒண்ணு. விமானத்தோட ஜாதகமே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல இருக்கும். இறக்கைப் பரப்பு எவ்வளவு, காலி எடை எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு தள்ளும், மூக்கை எத்தனை டிகிரி தூக்கினா எவ்வளவு லிஃப்ட், சக்கரத்து ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு, எல்லாம் நம்பரா. நோட்பேட்ல திறந்து மாத்தலாம்.

நான் இறக்கின 737-800 பார்க்க அம்சமா இருந்தது. பட்டன் எல்லாம் வேலை செஞ்சது. யாரு செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன், இலவசமா குடுத்த மனுஷனைக் குறை சொல்றது பாவம். ஆனா பறக்கும்போது ஒரு ராக்கெட். ஓடுபாதையில கொஞ்ச தூரம் போனதும் தானா எந்திரிச்சு வானத்துக்குப் பாயும். இறங்கும்போது நேர் எதிர், இறங்கவே இறங்காது. திரையில எடை 60 டன்னு காட்டும். அந்த எடைக்கு ஃப்ளாப் 30 வெச்சா கிட்டத்தட்ட 140 நாட் வேகத்துல வரணும். அதே வேகத்துலதான் வந்தேன். தரைக்கு இருபது அடி மேல பட்டம் மாதிரி மிதந்துக்கிட்டே போகும். மதுரை ஓடுபாதை 7,500 அடிதான். பாதி தாண்டி தொடும், அதுவும் மூக்குச் சக்கரம் முதல்ல. தொட்டுட்டுத் துள்ளும்.

இங்கதான் என் எஞ்சினியர் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சது. வேலைன்னா ஒட்டுப் போடுற வேலை.

டேக்-ஆஃப்ல பாயுதா? எஞ்சின் பவர் ஜாஸ்தி. 737-800-ல வர்ற சிஎஃப்எம்56-7பி எஞ்சின்ல 26,300 பவுண்டு தள்ளுவிசை வகை ஒண்ணு இருக்கு. ஃபைல்லயும் சரியா அதேதான் இருந்தது. சரியா இருந்த நம்பரை நான் 19,000-ன்னு மாத்தினேன். டேக்-ஆஃப் அடங்குச்சு. ஆஹா!

இறங்கும்போது மிதக்குதா? ஃப்ளாப்போட இழுவையைக் கூட்டினேன். ஒண்ணரை மடங்கு. இன்னும் மிதந்தது.

அப்புறம் கிரவுண்ட் எஃபெக்ட். விமானம் தரையை நெருங்கும்போது இறக்கை நுனியில சுழல்ற காத்து முழுசா சுழல முடியாம தரை தடுக்கும். அதனால இழுவை குறையும், கொஞ்சம் மிதக்கும். இது நிஜத்துலயும் உண்டு. தரையிலிருந்து உயரத்தை இறக்கை நீளத்தால வகுத்து, அதுக்கு ஒரு டேபிள் போட்டு ஃபைல்ல வெச்சிருப்பாங்க. எல்லாத்தையும் 1-ன்னு மாத்திட்டேன். அதாவது தரை பக்கத்துல இருக்குன்னே விமானத்துக்குத் தெரியாது. மிதக்குறது கொஞ்சம் குறைஞ்சது. ஆனா துள்ளுறது நிக்கல, மூக்கும் தரையைப் பார்த்துக்கிட்டேதான் வந்தது. நிஜ 737 ரெண்டு மூணு டிகிரி மூக்கைத் தூக்கிக்கிட்டு வரணும். அந்த ஒரு அறிகுறி போதும் விஷயத்தைக் கண்டுபிடிக்க. எனக்கு உறைக்கல.

இதுக்கு நடுவுல மைலேஜ் வேற. மணிக்குச் சுமார் 2,400 கிலோ எரிபொருள் குடிக்க வேண்டிய வண்டி, அதுல பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் குடிச்சது. நான் என்ன செஞ்சிருக்கணும்? சந்தேகப்பட்டிருக்கணும். என்ன செஞ்சேன்? "பரவாயில்லையே, நல்ல மைலேஜ்"னு சந்தோஷப்பட்டேன். அவ்வ்வ்.

இப்படி ஆறு வாரம். அப்புறம் பொங்கல் லீவு, ஊருக்குப் போனேன்.

பொங்கல் அன்னிக்கு அவனியாபுரத்துல ஜல்லிக்கட்டு. ஊரே அங்க. நான் வீட்டுல லேப்டாப்பும் பழைய ஜாய்ஸ்டிக்குமா உக்காந்திருந்தேன். சென்னையிலிருந்து கிளம்பி மதுரையில இறங்குற கடைசிக் கட்டம். அப்பா வெயில் தாங்காம மதியமே திரும்பி வந்துட்டார். சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, என் பின்னாடி நின்னார். நான் திரும்பிப் பார்க்கல. பார்த்தா போயிடுவாரோன்னு ஒரு பயம்.

வழக்கம்போல மிதந்தது. வழக்கம்போல தொட்டுது. டங், டங், டங்னு மூணு துள்ளல். பிரேக் போட்டதும் சறுக்கிக்கிட்டு ஓரத்துப் புல்லுல போய் நின்னுச்சு.

"என்னடா இது, காலி வண்டி மாதிரி துள்ளுது?"

"காலி இல்லப்பா. 60 டன். இங்க பாருங்க."

திரையைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்ல.

"அது என்னமோ போட்டிருக்கட்டும். லோடு ஏத்தின வண்டி அமுங்கிப் போகும். வேகத்தடையில ஏறினா ஒரு தடவை அமுங்கி எந்திரிக்கும், அவ்வளவுதான். காலி லாரிதான் இப்படித் தட்டிக்கிட்டே போகும். பிரேக்க மிதிச்சா சக்கரம் நின்னுபோயி வழுக்கும். இது காலி வண்டி."

சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டார்.

நான் சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா அந்த "அது என்னமோ போட்டிருக்கட்டும்" மட்டும் காதுல நின்னுடுச்சு. திரையில என்ன போட்டிருக்கோ அதுதான் உண்மைன்னு நான் ஏன் நம்பினேன்? அந்த 60 எங்கிருந்து வருது?

தேடினேன். காக்பிட் திரைகள் நாசல்ங்கற ஸ்கிரிப்ட் மொழியில எழுதினது. அந்த ஸ்கிரிப்ட்ல ஒரு வரி: காலி எடை 41,413, கூட பயணிகள், கூட எரிபொருள். 41,413-ங்கறது கையால எழுதின நம்பர். பறக்குற கணக்கைப் போடுற ஃபைல்கிட்ட அது கேக்கவே இல்ல. சரி, அந்த ஃபைல்ல என்ன இருக்கு? போய்ப் பார்த்தா அங்கயும் 41,413. நிம்மதியா மூட இருந்தேன். அதே வரியில யூனிட்னு ஒரு ஆட்ரிப்யூட். எல்பிஎஸ்.

பவுண்டு!

737-800-ஓட காலி எடை 91,300 பவுண்டு. கிலோவுல சொன்னா 41,413. ஜேஎஸ்பிசிம் உள்ளுக்குள்ள அடி, பவுண்டு கணக்குலதான் வேலை செய்யும், ஆனா கிலோன்னு எழுதிக் குடுத்தா தானே மாத்திக்கும். யாரோ ஒருத்தர் கிலோ நம்பரை எடுத்துப் போட்டிருக்கார், யூனிட்டை மாத்த மறந்துட்டார். ஆக, என் விமானத்தோட காலி எடை 41 டன் இல்ல, 19 டன்கூட இல்ல. 14 டன் ஆளும் சாமானும், நாலரை டன் எரிபொருளும் சேர்த்து, திரை 60 டன்னு சொல்லிக்கிட்டு இருக்கு, உடம்பு 37 டன்தான். லிஃப்ட் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அப்போ 37 டன் விமானத்துக்கு 110 நாட் போதும். நான் 140-ல கொண்டு வந்து தள்ளியிருக்கேன். மிதக்காம என்ன செய்யும்? மூக்கைக் கீழ வெச்சாத்தானே கூடுதல் லிஃப்ட்டைக் கொட்ட முடியும். அது பாவம் சரியாத்தான் பறந்திருக்கு.

அப்பா கண்ணால பார்த்துச் சொன்ன விஷயத்துக்கு எனக்கு ரெண்டு மாசமும் ஒரு கால்குலேட்டரும் தேவைப்பட்டது.

இந்த மாதிரி யூனிட் கோளாறு நிஜ விமானத்துலயும் நடந்திருக்கு. 1983 ஜூலை 23, கனடா. ஏர் கனடாவோட 143-ஆம் நம்பர் ஃப்ளைட், போயிங் 767. அந்த நாட்டுல மெட்ரிக் முறைக்கு மாறிக்கிட்டு இருந்த நேரம், அந்த விமானமும் கிலோ கணக்கு. எரிபொருள் அளவு காட்டுற கருவி வேலை செய்யல, அதனால குச்சி விட்டு அளந்து கையால கணக்குப் போட்டாங்க. லிட்டரைக் கிலோவா மாத்த 0.8-னு பெருக்கணும். பழக்க தோஷத்துல 1.77-ஆல பெருக்கிட்டாங்க. அது லிட்டருக்கு எத்தனை பவுண்டுங்கற நம்பர். 22,300 கிலோ வேணும், இருந்தது 22,300 பவுண்டு. பாதிக்கும் கம்மி. விமானி கம்ப்யூட்டர்ல 22,300-னு தட்டிவிட்டார், அதுவும் கிலோவா எடுத்துக்கிட்டு வழி பூரா எல்லாம் சரியா இருக்குன்னு காட்டிக்கிட்டே வந்தது. என் திரை 60 டன்னு காட்டின மாதிரியே. நடுவானத்துல ரெண்டு எஞ்சினும் ஒண்ணொண்ணா அணைஞ்சது. கேப்டன் ராபர்ட் பியர்சன் சறுக்கு விமானம் ஓட்டிப் பழகினவர். எஞ்சின் இல்லாமலே கிம்லிங்கற ஊர்ல இருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில கொண்டு போய் இறக்கினார். அப்போ அது கார் பந்தயம் நடக்குற இடமா மாறியிருந்தது. 69 பேரும் பிழைச்சாங்க.

மறுபடி நம்ம வண்டி. யூனிட்டை கேஜின்னு மாத்தினேன். மூணே எழுத்து மாத்துற வேலை. எல்லாம் முடிஞ்சதுன்னு சிமுலேட்டரைத் திறந்தா, விமானம் தரைக்குள்ள புதைஞ்சு நிக்குது. எஞ்சின் ரெண்டும் தார் ரோட்டை நக்குது. (737-க்கு எஞ்சின் ஏற்கெனவே தரைக்கு ரொம்பப் பக்கம். அதுக்காகத்தான் எஞ்சின் கூட்டோட அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தட்டையா வெச்சிருப்பாங்க, அடுத்த தடவை ஜன்னலோர சீட் கிடைச்சா பாருங்க.) ஏன்னா, எனக்கு முன்னாடி ஒருத்தர், எடை கம்மியா இருக்குறது தெரியாமலே, விமானம் சரியா நிக்கிறதுக்காக ஸ்பிரிங்கைத் தளர்த்தி வெச்சிருக்கார். அந்த வரிக்குப் பக்கத்துல "தற்காலிகம்"னு ஒரு கமென்ட் வேற. ஆபீஸ்ல நான் எத்தனை இடத்துல அதே வார்த்தையை எழுதியிருக்கேன்னு யோசிச்சு, சத்தம் போடாம அடுத்த வேலையைப் பார்த்தேன்.

60 டன்னா 1,32,000 பவுண்டு. அதுல ஒவ்வொரு பக்கத்து மெயின் கியர் மேலயும் சுமார் 60,000 பவுண்டு உக்காரும். அரை அடிக்குக் கொஞ்சம் மேல அமுங்கணும்னா ஸ்பிரிங் அடிக்கு ஒரு லட்சம் பவுண்டு. அதுக்கேத்த மாதிரி ஷாக் அப்சார்பர் கணக்கு. அப்புறம் நான் போட்ட ஒட்டுகளை ஒண்ணொண்ணா பிரிச்சேன். 19,000 தள்ளுவிசையோட ஒரு தடவை கிளப்பிப் பார்த்தேன், ஓடுபாதையில பாதிக்கு மேல தின்னுட்டு மூச்சு வாங்கிக்கிட்டு எருமை மாதிரி ஏறுச்சு. 26,300-ஐத் திருப்பிப் போட்டேன். ஃப்ளாப் இழுவை பழைய நம்பருக்கு. கிரவுண்ட் எஃபெக்ட் டேபிள் பழையபடி. நான் ஆறு வாரமா "சரி" பண்ணின மூணுமே முதல்லயே சரியாத்தான் இருந்திருக்கு. திரை ஸ்கிரிப்ட்டையும் மாத்தி, எடையை பறக்குற கணக்குகிட்டயே கேட்டுக் காட்டச் சொன்னேன்.

மாட்டுப் பொங்கல் சாயங்காலம் மறுபடி மதுரை. இங்க ஒரு விஷயம் சொல்லணும். ஓடுபாதை ஓரத்துல பாப்பின்னு நாலு விளக்கு வரிசையா இருக்கும். சரியான சரிவுல வந்தா ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு. உயரமா இருந்தா வெள்ளை கூடும், தாழ்வா போனா சிவப்பு கூடும். எனக்கு வெள்ளை தெரியும். சிவப்பு மங்கலா அழுக்கு மாதிரி தெரியும், தூரத்துல இருந்து அதுவும் தெரியாது. கோடைத் திறந்து சிவப்பை நீலமா மாத்திக்க வழி இருக்கு. மாத்தல. மதுரையில இல்லாத நீல விளக்கை எப்படி வைக்கிறது? அதனால மனக்கணக்குலதான் இறங்குவேன். ஒரு நாட்டிகல் மைலுக்கு முன்னூறு அடி, கூட மதுரையோட உயரம் சுமார் 460.

அப்பா டீ டம்ளரோட வந்து பின்னாடி நின்னார். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தார்.

"இப்ப லோடு ஏறியிருக்கா?"

"ஏறியிருக்குப்பா."

விமானம் மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கிட்டு, கனமா வந்தது. வளைச்சா உடனே வளையாது. பவர் குறைச்சா தயங்கித்தான் இறங்கும். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த நாலு லைட்டு எதுக்குடா?"

சொன்னேன். ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்பு இருக்கணும், எனக்கு எண்ணத் தெரியாதுன்னு சொன்னேன். அவர் டம்ளரைக் கீழ வெச்சார். கண்ணாடியை மேல தள்ளிவிட்டுத் திரைகிட்ட குனிஞ்சார்.

"மூணு சிவப்பு."

கொஞ்சம் பவர் குடுத்தேன்.

"ரெண்டு, ரெண்டு. அப்படியே வா."

அப்படியே வந்தேன். ஓடுபாதை தொடங்குற வரைக்கும் விடாம சொல்லிக்கிட்டே வந்தார், படிக்கட்டுல நின்னு கண்டக்டர் "ரைட், ரைட், வா வா"ன்னு சொல்ற மாதிரி. மெயின் சக்கரம் தொட்டது. ஒரு தடவை அமுங்கி எந்திரிச்சது, அவ்வளவுதான்.

"ம்ம். பிரேக்க இவ்வளவு சீக்கிரம் மிதிக்காத"ன்னார்.

போன ஞாயித்துக்கிழமை போன்ல, எப்ப ஊருக்கு வர்றேன்னு கேட்டுட்டு, "அந்த வண்டிய எடுத்துட்டு வா"ன்னு சொன்னார். ஃப்ளாப் 40 போட்டா இன்னும் மூக்கு லேசா குதிக்குது, அதுக்குள்ள அதைச் சரி பண்ணணும். இந்தத் தடவை முதல்ல யூனிட்டைத்தான் பார்க்கப் போறேன்.